கர்லா மார்க் பொடி திரும்பி வந்த நாள்

ராவுத்தர் முதலாளியின் பேரன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பளபளவென்று அச்சடித்த மாதிரிப் பக்கங்களை என் மடியில் வைத்து, "நீங்களும் ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க அத்தை. அந்தக் காலத்து ஆளுன்னு இருக்கறது இப்ப நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலாளி தன் வாழ்நாளில் போட்டறியாத கோட்டும் டையும் போட்டு அவரை வரைந்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'விற்பனைக்கு அனுப்பிய ஒரு டப்பாகூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை.'

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டப்பா திரும்பி வந்தது தம்பி. ஒன்று இரண்டு இல்லை, வண்டி வண்டியாக வந்தது. அன்றைக்கு அது திரும்பி வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் வரலாறு போட ஒரு கம்பெனி இருந்திருக்காது. இதைச் சொன்னதும் பேரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா சொன்னதே இல்லையே" என்றார். தாத்தா சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

என் பெயர் செல்லம்மாள். பிறந்தது மருங்காபுரிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது தென்னூரில். கல்யாணமான சில வருஷங்களில் என் வீட்டுக்காரருக்கு அரிசி மில் பெல்ட்டில் கை சிக்கி வேலை போய்விட்டது. ஐம்பதுகளின் நடுவில், இரண்டு பிள்ளைகளோடு வேலை கேட்டு ராவுத்தரின் பொடிக் கொட்டகை வாசலில் நின்றேன். என்ன தெரியும் என்று அவர் கேட்டார். கேழ்வரகு முளைகட்டத் தெரியும் என்றேன். "நாத்தம் வராம கட்டுவியா?" என்றார். "நாத்தம் வந்தா அது முளை இல்லீங்க, அழுகல்" என்றேன். அன்றே உள்ளே விட்டுவிட்டார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

ராவுத்தர் இளவயதில் குஸ்தி போட்டவர். அதற்குச் சாட்சியாக ஒரு காது மடிந்து அப்பம் மாதிரி இருக்கும். பிறகு பழைய டவுனில் தானியக் கடை வைத்தார். தண்டால் எடுக்கும் பையன்களெல்லாம் அவர் கடையில்தான் கொண்டைக்கடலையும் கொள்ளும் வாங்கி ஊற வைத்துத் தின்பார்கள். "குஸ்திக்காரனுக்குப் பால் இருக்கு, பாதாம் இருக்கு, ஊட்டுறதுக்கு ஜமீன்தார் இருக்காரு. மில்லுல மூட்டை தூக்கிட்டு வந்து சாயங்காலம் சடுகுடு ஆடறானே, அவனுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் கம்பெனி பிறந்தது. வெளிநாட்டுச் சூத்திரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்களே, அதெல்லாம் கிடையாது. முளைகட்டிய கேழ்வரகு, கொள்ளு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, வாசனைக்கு ஏலக்காயும் சுக்கும். டப்பாவில் இரண்டு கர்லாக்கட்டைகள் குறுக்காக நிற்கும். தேகப்பயிற்சி செய்கிறவர்கள் தோளுக்கு மேல் சுற்றுவார்களே, அந்தக் கட்டை. அதனால் 'கர்லா மார்க் பலப்பொடி' என்று பெயர். கொஞ்ச வருஷத்தில் உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் எந்தச் சடுகுடுக் கழகத்துக்குப் போனாலும் ஜன்னலில் அந்த டப்பா இருந்தது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கேழ்வரகை ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி, முளை மூக்கு நீட்டியதும் எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மொடமொடவென்று காய்ந்தபின் கையால் தேய்த்து முளையை உதிர்த்து வறுக்க வேண்டும். கேழ்வரகுக்குத் தீ குறைவாக, கொள்ளுக்குக் கூடுதலாக, நிலக்கடலைக்கு மணல் போட்டு. பிறகு அரைத்து, சலித்து, பாயில் பரப்பி ஆற விடுவோம். ஒரு தடவை இப்படிச் செய்து கலந்ததை ஓர் ஈடு என்போம். இட்லிக்குச் சொல்கிற மாதிரிதான்.

ஈடு ஆறியபின் ருசி பார்க்காமல் ஒரு டப்பாவும் மூடப்படாது. அதற்கு முதலாளி மூன்று விதி வைத்திருந்தார். வறுத்த கை ருசி பார்க்கக் கூடாது; அவரவர் பிள்ளை அவரவருக்கு அழகாகத்தான் தெரியும். ருசி பார்க்கிறவர் மத்தியானச் சோறு சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். ருசி பார்க்கப் போடும் கஞ்சி ஆறியிருக்க வேண்டும். இரண்டாவது விதிதான் அவருக்கு உயிர். "பசியோட குடிச்சா கழுநீர்கூட இனிக்கும். வயிறு நிறைஞ்சவன் தொண்டையில இறங்கணும். அதுதான் சரக்கு" என்பார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலைகூடப் போடாமல் வந்து, பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் பெண்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கண்ணைத் திறந்து "ம்" என்றால் டப்பா மூடலாம். திருச்சிக் கடைத்தெருவில் ராவுத்தர் நாக்கு சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். மரியாதை கூடிவிடும். நல்ல நாளில் நான் அவருக்குத் 'தாயி'. 'செல்லம்மா' என்றால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. 'செல்லம்மாள் அவர்களே, இப்படி வாங்க' என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன்.

அவருக்கு மானேஜர் வரதன் ஐயங்கார். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர், ரசாயனம் படித்தவர், நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. சரக்கு வாங்குவது, நிறுப்பது, கணக்கு எல்லாம் அவர்தான். நாங்கள் 'சாமி' என்போம். ரமலான் மாதத்தில் முதலாளி நோன்பு இருப்பதால், அந்த மாதம் ருசி பார்க்கும் பொறுப்பு சாமிக்கு. ஆசாரமான மனுஷர் கொட்டகைக் கஞ்சியை எப்படிக் குடிப்பார்? அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "தண்ணி பட்டுச் சமைச்சாத்தான் பத்து, தோஷம். வறுத்த மாவுக்குத் தோஷமில்லை" என்று பொடியை உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாத் தண்ணீரைத் தூக்கி ஊற்றிக்கொள்வார். "சாமி, பெருமாள் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்று முதலாளி சீண்டுவார். "அவரே அனுக்கிரகம் பண்ணின வழிதான் இது ராவுத்தரே" என்பார் சாமி. இருவரும் இப்படியே வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

ஏகாதசி அன்று சாமி தானியம் தொட மாட்டார். அதனால் ரமலானில் ஏகாதசி வந்தால் அன்றைக்கு ஈடு கிடையாது. கொட்டகையைக் கழுவுவோம், மிஷினுக்கு எண்ணெய் போடுவோம். இதுவும் எழுதாத விதி.

அறுபதுகளின் நடுவில் சில வருஷம் ரமலான் மார்கழியில் வந்தது. அந்த முறை நோன்பு தொடங்கிப் பத்து நாளுக்கெல்லாம் வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் பார்க்க ஊரே ஸ்ரீரங்கத்தில் நின்றது. அந்தக் கூட்டத்தை நம்பித் திருவானைக்காவலில் பெரிய சடுகுடுப் போட்டி வைத்திருந்தார்கள். துவாதசிக்கு மறுநாள் தொடக்கம். எல்லாக் கழகமும் பொடி கேட்டது. புதுக்கோட்டை, கரூர், தஞ்சாவூருக்கும் பார்சல் போக வேண்டும். பனியில் கேழ்வரகு காயவே மாட்டேன் என்று அடம் பிடித்ததில் வேலை பிந்திப்போய், அந்த ஈடு ஏகாதசி அன்றுதான் முடிந்தது.

"நாளைக்குக் காலையில சாமி வந்து பார்க்கட்டுங்களே" என்றேன்.

"காலையில வண்டி கிளம்பணும் தாயி. நோன்பு திறந்ததும் நானே பார்த்துடறேன். கொஞ்சம் கஞ்சி போட்டு வை" என்றார் முதலாளி.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர், அடுத்தது எங்கள் கஞ்சி. சுடச்சுட. விடியற்காலை முதல் வாயில் பச்சைத் தண்ணீர் படாத மனுஷர். டம்ளரைக் கீழே வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சுபுஹானல்லாஹ்! இது மாதிரி ஈடு இதுவரைக்கும் இறங்கலை" என்றார். நாங்கள் பூரித்துப்போனோம். அவருடைய மூன்று விதியில் இரண்டு அங்கேயே செத்துக் கிடந்தது. எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. நாங்களும் பாதிப் பேர் ஏகாதசி விரதம்.

மறுநாள் காலை டப்பா மூடி, உள்ளூர்க் கழகங்களுக்கு ஒரு வண்டி போய்விட்டது. பார்சல்கள் பஸ் ஆபீசுக்குப் போயிருந்தன. மத்தியான பஸ்களில் ஏற வேண்டும். சாமி விரதம் முடிக்கும் பாரணை செய்து, வயிறாரச் சாப்பிட்டு, சந்தோஷமாக வந்தார். பழக்கதோஷத்தில் பாய் ஓரத்தில் சிந்தியிருந்த பொடியை எடுத்து வாயில் போட்டார். கூஜாவைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. வாசலுக்குப் போய்த் துப்பினார்.

"ராவுத்தரே, காறுது" என்றார்.

முதலாளி சிரித்தார். "என்ன சாமி, ஏகாதசி முடிஞ்சும் நாக்கு வரலையா?"

"விளையாட்டு இல்லை. கடலை சிக்கெடுத்திருக்கு. மூட்டையோட அடியில ஈரம் ஏறியிருக்கணும். தொண்டையைப் பிடிக்கறது."

மழைக்காலத்துக் கடலை அது. மேலே அள்ளிக் கடித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வறுக்கும் சூட்டில் மணக்கும், அரைக்கும்போதும் மணக்கும், ஆறினால்தான் அதன் குணம் தெரியும்.

"நான் குடிச்சேன் சாமி. அமிர்தமா இருந்துச்சு."

"குடிச்சேள். எப்போ குடிச்சேள்? நேத்திக்கு நீங்க பொடியை ருசி பார்க்கலை ராவுத்தரே, பசியைத்தான் ருசி பார்த்தேள்."

முதலாளியின் மரியாதை கூடியது. "மானேஜர் அவர்கள் சொல்றாங்க. சரி. செல்லம்மாள் அவர்களே, நீங்க இப்படி வாங்க. ஒரு வாய் போட்டுப் பாருங்க."

"வறுத்த கைங்க" என்றேன்.

"இன்னிக்கு அந்த விதி இல்லை."

நான் காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, ஏலக்காய் வாசனை. விழுங்கும்போதுதான் அது வந்தது, பழைய விளக்கெண்ணெய்ப் பாத்திரத்தை நக்கிய மாதிரி. அந்த நொடியில் என் மனசு என்ன கணக்குப் போட்டது என்று மறைக்காமல் சொல்கிறேன். அத்தனை டப்பாவும் திரும்பி வந்தால் கொட்டகை மூடும். கொட்டகை மூடினால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கணக்கெல்லாம் ஓடி முடிவதற்குள் என் தொண்டை இருமிவிட்டது. "காறுதுங்க முதலாளி" என்றேன்.

முதலாளி பொடியைக் கையில் அள்ளினார், திரும்பப் பாயிலேயே போட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நோன்பு திறக்க இன்னும் ஒரு பகல் முழுக்க இருந்தது. சாமி மெல்ல, "நாக்கு நுனியில வச்சுண்டு துப்பிடலாமோன்னோ?" என்றார்.

"அதுக்கு வழி இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க. ஆனா இந்தக் காறல் தொண்டையிலதானே தெரியுது? விழுங்கினாத்தான் தெரியும். விழுங்க மாட்டேன்."

அவருடைய தவிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரெல்லாம் நம்பிய நாக்கு அது, சாயங்காலம் வரை பூட்டிக் கிடக்கிறது. அதுவரை காத்திருந்தால் பஸ்கள் போய்விடும், பையன்கள் குடித்துவிடுவார்கள். காத்திருக்காவிட்டால், தன் நாக்கு சொன்னதைத் தள்ளி இன்னொருவர் தொண்டையை நம்பித் தன் கம்பெனியின் பெயரைத் தானே தெருவில் போட்டு உடைக்க வேண்டும்.

சாமி இன்னொரு வழியும் சொல்லிப் பார்த்தார். "லேபிள் மாறிடுத்துன்னு சொல்லி வாங்கிண்டு வந்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

முதலாளி மடிந்த காதை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "பொய் சொல்லி வாங்கிட்டு வர்றதுக்கு நோன்பு எதுக்குங்க சாமி? காறுதுன்னே சொல்வோம். நீங்க பஸ் ஆபீசுக்கு ஓடுங்க, ஒரு பார்சல் ஏறக்கூடாது. செல்லம்மா, நீ என்னோட வண்டியில ஏறு. கேக்கறவனுக்குக் குடிச்சுக் காட்ட ஒரு நாக்கு வேணும். என்னுது மூடியிருக்கு."

குதிரை வண்டியில் முன்னால் அவர், பின்னால் நான். தென்னூர்க் கழகத்தில் டப்பாவை இன்னும் பிரிக்கவே இல்லை, தந்துவிட்டார்கள். உறையூரில் ஒருவர், "முதலாளி நேர்ல வந்து காறுதுங்கறீங்களே, நாளைக்கு யாரு வாங்குவா?" என்று வாய்விட்டே கேட்டார். "நாளைக்கு வாங்காட்டிப் போகுது. இன்னிக்குக் குடிக்காதீங்க" என்றார் இவர். பாலத்தில் ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏகாதசிக் கூட்டம் எதிரே திரும்பிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. காவிரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாகமாக இருந்தது, ஆனால் அவர் எதிரில் குடிக்க மனசு வரவில்லை. அவரே திரும்பி, "குடி தாயி. உன் தொண்டை நல்லா இருந்தாத்தான் எனக்கு வேலை நடக்கும்" என்றார்.

திருவானைக்காவலில்தான் எங்களுக்கு வாய்த்தது சோதனை. அங்கே கழகத்துக்குக் கேப்டன் கோவிந்தன். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், கழுத்து எது தோள் எது என்று தெரியாத உடம்பு. கர்லா மார்க் தவிர வேறு எதையும் தொட மாட்டான், நாலு பேரிடம் சொல்லாமலும் இருக்க மாட்டான். நாங்கள் போனபோது டப்பா திறந்திருந்தது, பாதிக்குமேல் காலி.

"காறுதா? யாருங்க சொன்னது?" என்றான். "நேத்து முழுக்கப் பசங்க எல்லாரும் விரதம், ராத்திரி பூரா கண்ணு முழிச்சோம். காலையில விரதம் முடிச்சு முதல் டம்ளர் இதுதான் குடிச்சோம். தேவாமிர்தம்! டப்பாவைத் தர முடியாதுங்க."

முதலாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதே பசி, அதே அமிர்தம்.

"தம்பி, நானும் நேத்து அப்படித்தான் ஏமாந்தேன்" என்றார் முதலாளி.

கோவிந்தனின் கண் சுருங்கியது. "எனக்குத் தெரியும்ங்க. தென்னூர்க்காரனுங்க உங்க பக்கத்துத் தெரு. நாங்க கப்பு வாங்கிடுவோம்னு பொடியைப் பறிச்சுக்கிட்டுப் போய் அவங்களுக்குக் கொடுக்கப் பார்க்கறீங்க."

"அடப்பாவி, தென்னூர் டப்பாவும் வண்டியிலதான்டா இருக்கு, வந்து பாரு!" என்று கத்திவிட்டேன். அவன் வந்து பார்த்தான். பார்த்தும் நம்பவில்லை. பையன்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டான்.

வழக்கப்படி முதலாளியின் மரியாதை கூடும் என்று எதிர்பார்த்தேன். கூடவில்லை. கர்லாக்கட்டைகள் சாத்தியிருந்த சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மத்தியானம் சாப்பிட்டியா கோவிந்தா?" என்றார்.

"இல்லீங்க. வீட்டுல துவாதசிச் சாப்பாடு காத்துக்கிட்டு இருக்கு."

"போய் நல்லா சாப்பிட்டுட்டு வா. பசங்களையும் கூட்டிட்டுப் போ. டப்பா இங்கேயே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். சாப்பிட்டு வந்து என் எதிர்ல ஒரு டம்ளர் ஆற வச்சுக் குடி. அமிர்தம்னு சொன்னா டப்பா உன்னுது. நான் போயிடறேன்."

அவன் போனான். ஸ்ரீரங்கத்தில் இன்னும் மூன்று கழகம் பாக்கி, பொழுது போய்க்கொண்டிருக்கிறது. பிடுங்கிக்கொண்டு கிளம்பலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "வலுவில வாங்கினா அவன் தென்னூர்க் கதையைத்தான் ஊரெல்லாம் சொல்லுவான். இரு" என்றார். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். உதட்டில் வெள்ளை பூத்திருந்தது.

கோவிந்தன் வந்தான். வடை, பாயசத்தோடு சாப்பிட்டிருந்தான் என்பது நடையிலேயே தெரிந்தது. அவனே கஞ்சி கரைத்து ஆற வைத்தான். டம்ளரை அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டவன், பாதியில் நிறுத்தினான். விழுங்கினான். இன்னொரு வாய் எடுத்தான், தன்னையே நம்பாத மாதிரி. பிறகு ஓடிப்போய் வாய்க்காலோரத்தில் உமிழ்ந்தான். மற்ற பையன்களும் குடித்துப் பார்த்து வரிசையாகத் துப்பினார்கள். டப்பாவை அணைத்திருந்தவன்தான் முதலில் கொண்டுவந்து வண்டியில் வைத்தான்.

"காலையிலிருந்து வயிறு ஒரு மாதிரி புரட்டிச்சுங்க. விரதம்னு நினைச்சுக்கிட்டோம்" என்றான் கோவிந்தன். அதோடு நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக்குப் பறந்தான். நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று கழகத்து டப்பாக்களையும் தெருமுனையில் அடுக்கி வைத்துவிட்டு, "யாரும் குடிக்காதீங்க, காறுது, காறுது" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தான். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காறல் தெரிந்தபிறகு அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

கொட்டகைக்குத் திரும்பியபோது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமி பார்சல்களை மீட்டுக் கொண்டுவந்து குவித்திருந்தார். ஒன்றும் ஏறவில்லை. ஒரு பழத்தோடு நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்த முதலாளி, வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவசரமே இல்லாமல், போதும் போதும் என்கிற வரை சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு, "இப்ப கொடு" என்றார்.

ஆறிய கஞ்சி. ஒரு வாய். கண்ணை மூடினார். எத்தனையோ வருஷம் அந்த முகத்தையே பார்த்துப் பழகியவள் நான், அது சுருங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் துப்பவில்லை. விழுங்கினார். டம்ளர் முழுவதையும் குடித்து முடித்தார். "நான் அனுப்பினது. நானும் குடிக்கணும்ல" என்றார்.

பிறகு எழுந்து சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, உங்க பெருமாள் உங்களைச் சாப்பிட வச்சு அனுப்பினாரு."

"அடியேன் சொன்ன வார்த்தை கொஞ்சம் கடுமை."

"இன்னும் கொஞ்சம் கடுமையா இருந்திருந்தா வண்டி இன்னும் சீக்கிரம் கிளம்பியிருக்கும்" என்றார் முதலாளி.

அந்த ஈடு முழுவதையும் குழி வெட்டி மூடினோம். மாட்டுக்குக்கூடப் போடவில்லை. போட்டிக்கு முதலாளி எல்லாக் கழகத்துக்கும் ஊறவைத்த கொண்டைக்கடலையை அண்டாவில் அனுப்பினார். கோவிந்தன் அணி கப்பு வாங்கவில்லை. தென்னூரும் வாங்கவில்லை, அதுவரைக்கும் அவனுக்கு ஆறுதல்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. ராவுத்தர் பொடி காறுகிறது என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது. பொங்கலுக்கு விற்க ஒரு டப்பா இல்லை. கொட்டகையை மூடிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் மூடவில்லை. மூட்டைகளை எல்லாம் அடிவரை கொட்டிப் புடைக்கச் சொன்னார், கொட்டகைக்குப் பலகைத் தளம் போட்டார், எங்களைத் தினமும் வரச் சொன்னார். பெருநாள் கழிந்து புதுக்கடலையில் முதல் ஈடு இறக்கினோம். வாங்க யார் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாலம் தாண்டி ஒரு சைக்கிள் வந்தது. கோவிந்தன்.

"மத்தியானச் சோறு தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு டம்ளர் கொடுங்க" என்றான். குடித்தான். உதட்டைத் துடைத்தான். "மூடுங்க டப்பாவை" என்றான். கேரியர் கொள்ளாத அளவு வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் உறையூர்க்காரர் வந்தார். காறினால் தானே வந்து திருப்பி வாங்கிக்கொள்ளும் கம்பெனி என்று கோவிந்தன் போகிற இடமெல்லாம் சொல்லியிருந்தான். காறுது என்று கூவியதைவிட உரக்கவே இதைக் கூவியிருக்கிறான்.

அன்று முதல் ஈட்டுக்கு ஒரு நாக்கு இல்லை, மூன்று நாக்கு. முதலாளி, சாமி, நான். வறுத்த கை ருசி பார்க்கக் கூடாது என்பதால் என்னை வறுவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று பேரும் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒருவர் இல்லை என்றாலும் ஈடு காத்திருக்கும், ரமலானில் முதலாளி நோன்பு திறந்து சாப்பிடும்வரைகூட, எந்தப் போட்டியானாலும் சரி. நான் வேலையை விடும் நாள்வரை அப்படித்தான் நடந்தது. இப்போது ஆய்வுக்கூடமும் மிஷினும் வந்திருக்கிறதாம். நல்லது. மிஷினுக்குப் பசி கிடையாது, அந்த வகையில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆகவே தம்பி, மூன்றாம் பக்கத்து வரியை அடித்துவிடுங்கள். கோட்டு டை இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வரி இருந்தால் என் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டாம். அந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: 'ஒருமுறை எல்லா டப்பாவும் திரும்பி வந்தது. நாங்களே போய்க் கொண்டுவந்தோம்.'

இன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். தொண்டையில் ஒன்றும் பிடிக்கவில்லை. அச்சுக்கு அனுப்பலாம்.